அப்பாவின் வசதி மகனுக்கு வந்ததா? நன்னம்பிக்கை முனை பற்றிக் கேள்வி பதில்

கவிதா: டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி ஆண்ட, தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில் சம்பளச் சீட்டு ஏது? ஒரு குடும்பம் ஏறியதா இறங்கியதா என்று எப்படிச் சொல்வது?

பதில்: ‘ஒப்காஃப்’ என்ற வரிப்பதிவேடுதான் ஆதாரம். குடும்பத் தலைவர், மனைவி, பிள்ளைகள், அடிமைகள், குதிரை, மாடு, செம்மறி, திராட்சைக் கொடி, மது, விதைத்த கோதுமை, அறுத்த கோதுமை எல்லாம் அதில் எண்ணிக்கையாக இருக்கும். மாட்டை மட்டும் எண்ணினால் அங்குள்ள ஸ்டெல்லன்போஷ் ஊர்த் திராட்சைத் தோட்டக்காரர் ஏழையாகத் தெரிவார். எல்லாவற்றையும் விலை போட்டுக் கூட்டி, அந்தந்த ஆண்டில் அவர் எத்தனையாவது இடம் என்று வரிசைப்படுத்துங்கள். வரிக்குப் பயந்து குறைத்துச் சொல்வது வழக்கம், அதிலும் தானியத்தை. இறந்தவர் சொத்துப் பட்டியலோடு ஒத்துப் பாருங்கள்.

முருகன்: அப்பாவையும் மகனையும் ஒப்பிடும்போது எங்கே பிசகும்?

பதில்: முதலில் வயதில். 55 வயது அப்பாவையும் 25 வயது மகனையும் பக்கத்தில் வைத்தால், எல்லா மகனும் சரிந்ததாகவே தோன்றும். இருவரையும் 40 வயதை ஒட்டி எடுங்கள். ஒரே ஆண்டுக் கணக்கும் போதாது. ஒரு வறட்சி மந்தையைப் பாதியாக்கிவிடும். நாலைந்து ஆண்டுச் சராசரி எடுக்காவிட்டால் அப்பா–மகன் தொடர்பு உண்மையைவிடப் பலவீனமாகத் தெரியும். ஏற்றத்தாழ்வு எளிதில் மாறியதாக ஏமாந்துபோவோம்.

அடுத்தது பெயர். மூத்த மகனுக்குத் தாத்தா பெயர் வைப்பது அங்கே குடியேறிய ஐரோப்பியரின் வழக்கமும்கூட. ஒரே பெயரில் பல பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகள் இருப்பார்கள். மனைவி பெயரையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஆளைப் பிரிக்க முடியும். அப்பாவோடு பொருத்த முடியாத மகன்களைச் சும்மா விட்டுவிடாதீர்கள். எல்லைப்புறத்துக்குப் போனவர்கள் பெரும்பாலும் அந்தக் குவியலில்தான் இருப்பார்கள்.

ரஹ்மான்: அப்பா சொத்து பிள்ளைகள் எல்லாருக்கும் சமபங்கு என்றால் இரண்டு தலைமுறையில் எல்லாரும் நொடித்திருக்க வேண்டாமா?

பதில்: அங்கே நடப்பிலிருந்த ரோமன்–டச்சுச் சட்டப்படி பாதி விதவைக்கு. மீதி, மகன் மகள் எல்லாருக்கும் சமமாக. விதவை மறுமணம் செய்தால் புதுக் கணவர் கையில் ஒரு பண்ணையே வந்துவிடும். கையில் காசில்லாமல் வந்தவனுக்கு அதுவே பெரிய ஏணி. ஆகவே மாமனாரின் வசதியையும் கணக்கில் சேருங்கள். பங்கு குறைந்த மகன்களுக்கு இன்னொரு வழி, 1714இல் தொடங்கிய கடன் பண்ணைகள், அதாவது ஆண்டுக் கட்டணத்துக்குக் கம்பெனி விட்ட நிலங்கள். அந்தக் கட்டணம் 1732 முதல் 24 ரிக்ஸ்டாலர் (அன்றைய பணம்). அந்த நிலம் கொய்கொய் மக்கள் மந்தை மேய்த்த நிலம் என்பதை மறக்கக்கூடாது.

செல்வி: நம் பக்கத்து ஆட்களும் அங்கே இருந்தார்களாமே?

பதில்: இருந்தார்கள், அடிமைகளாக. சோழமண்டலக் கரையிலிருந்தும் இலங்கையிலிருந்தும் கொண்டுபோகப்பட்டவர்கள். பதிவேட்டில் எஜமானர் பெயருக்கு நேரே அவர்கள் வெறும் எண். யார் பிள்ளை யார் என்பது அதில் இல்லை. அதனால் அட்டவணை எது போட்டாலும் தலைப்பிலேயே ‘சுதந்திரக் குடிகள் மட்டும்’ என்று எழுதுங்கள்.