முன்பணம் வாங்கிய பிறகு 'ஃபேமிலிக்கு மட்டும்' என்கிறார் காட்டேஜ் உரிமையாளர்: என்ன செய்வது?

கேள்வி: நான் கோவையில் பணிபுரிகிறேன். தை மாதம் திருமணமாகவிருக்கும் என் நண்பனுக்காக, மார்கழி கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை முதல் ஞாயிறு வரை கொடைக்கானலில் பேச்சுலர் பார்ட்டி வைக்க முடிவு செய்து, ஏரி தெரியும்படி அமைந்த ஒரு காட்டேஜை இரண்டு இரவுகளுக்கு ரூ.50,000 வாடகை பேசி, ரூ.25,000 முன்பணத்தை ஜிபே மூலம் அனுப்பினேன். நாங்கள் 12 பேர், எல்லோரும் ஆண்கள், நண்பனின் திருமணத்தையொட்டி வருகிறோம் என்று வாட்ஸ்அப்பில் முன்கூட்டியே தெரிவித்திருந்தேன். இப்போது உரிமையாளர், "ஃபேமிலிக்கு மட்டும்தான் தருவோம், பசங்க வந்தால் ரூ.40,000 டெபாசிட் கட்டி, என்ன நடந்தாலும் முழுப் பொறுப்பு என்னுடையதே என்று பத்திரத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் அட்வான்ஸ் திரும்பாது" என்கிறார். நண்பர்களில் ஒருவர் புதுச்சேரியிலிருந்து மது வாங்கி வருவதாகச் சொல்கிறார். ஒருவருக்கு 20 வயதுதான் ஆகிறது. இன்னொருவர் சிங்கப்பூர்க் குடிமகன். ஏற்பாடு செய்தவன் என்ற முறையில் எனக்கு என்னென்ன பொறுப்பு வரும்?

பதில்: முதலில் பணத்தைப் பற்றிப் பேசிவிடுவோம். திருமணமாகாதவர்களுக்கு அறை தர மாட்டேன் என்று ஒரு விடுதிக்காரர் சொல்வதையே சட்டம் தடுக்கிறதா என்று பலரும் கேட்கிறார்கள். அரசியலமைப்பின் 15(2) பிரிவு, மதம், இனம், சாதி, பாலினம், பிறந்த இடம் ஆகியவற்றைக் காரணம் காட்டி விடுதிகளில் அனுமதி மறுப்பதைத் தடை செய்கிறதே தவிர, திருமணமாகாதவர் என்ற காரணத்தை அது குறிப்பிடவில்லை. ஆகவே, பேச்சு தொடங்கும்போதே அவர் மறுத்திருந்தால் உங்களுக்கு வழக்கு இல்லை. உங்கள் நிலை அதுவல்ல. யார் வருகிறார்கள், எத்தனை பேர், எதற்காக என்பதையெல்லாம் அறிந்த பிறகு அவர் முன்பணத்தைப் பெற்றுக்கொண்டிருக்கிறார். அந்த நொடியிலேயே ஒப்பந்தம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு புதிய நிபந்தனையைப் புகுத்துவதும், அதை ஏற்காவிட்டால் பணத்தைத் தர மாட்டேன் என்பதும் ஒப்பந்த மீறல். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி அது சேவைக் குறைபாடும் ஆகும். முன்பணம் முழுவதையும் திரும்பக் கேட்கலாம். அவர் பின்வாங்கியதால் வேறிடத்தில் கூடுதல் வாடகை கொடுக்க நேர்ந்தால், இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 73-ஆவது பிரிவின்படி அந்த வித்தியாசத்தையும் இழப்பீடாகக் கோரலாம்.

நீங்கள் உண்மையைச் சொல்லிப் பதிவு செய்ததை மனதாரப் பாராட்டுகிறேன். இதே போன்ற ஒரு சிக்கலோடு என்னிடம் வந்த ஒரு கட்சிக்காரர், அறை கிடைக்க வேண்டும் என்ற அவசரத்தில் 'குடும்பத்துடன் வருகிறோம்' என்று எழுதியிருந்தார். அந்த ஒரே வரி அவருடைய கோரிக்கையின் முதுகெலும்பை முறித்துவிட்டது, ஏனெனில் பொய்யான தகவலின் பேரில் பெற்ற சம்மதத்தை உரிமையாளர் ரத்து செய்ய முடியும்.

அந்த வாட்ஸ்அப் உரையாடலை இன்றைக்கே முழுமையாக ஏற்றுமதி செய்து வையுங்கள். திரையைப் படம் பிடித்தால் மட்டும் போதாது. தேதியும் நேரமும் எண்ணும் தெரிய வேண்டும். அந்தக் கைபேசியை மாற்றவோ அழிக்கவோ கூடாது. மின்னணுப் பதிவைச் சாட்சியமாகத் தாக்கல் செய்யும்போது பாரதிய சாக்ஷிய அதினியம் என்ற சாட்சியச் சட்டம், 2023-இன் 63(4) பிரிவின்படி ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டியிருக்கும். பணம் போனதற்கு, பரிவர்த்தனை எண்ணுடன் கூடிய வங்கிக் கணக்கு அறிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள்.

வாடகையே ரூ.50,000 என்கிறபோது ரூ.40,000 டெபாசிட் கேட்பதைச் சட்டம் எப்படிப் பார்க்கிறது என்பதும் முக்கியம். 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2(46) பிரிவு 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்பதற்குத் தரும் விளக்கத்தில், வெளிப்படையாகவே மிகையான பாதுகாப்பு வைப்புத்தொகை கேட்பது முதலாவதாகவே இடம்பெறுகிறது. ஆனால் நியாயமற்ற ஒப்பந்தம் என்ற அடிப்படையில் மட்டும் புகார் கொடுப்பதானால் மாநில நுகர்வோர் ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். ரூ.25,000-க்காக அவ்வளவு தூரம் அலைய வேண்டியதில்லை என்பது என் கருத்து. சேவைக் குறைபாடு என்ற அடிப்படையில், கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் தாக்கல் செய்யலாம். காட்டேஜ் திண்டுக்கல் மாவட்டத்தில் இருந்தாலும், புகார்தாரர் வசிக்கும் அல்லது பணிபுரியும் இடத்தில் வழக்குப் போட 34-ஆவது பிரிவு இடமளிக்கிறது. செலுத்திய தொகை ரூ.5 லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணம் கிடையாது. காலவரம்பு இரண்டு ஆண்டுகள். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்து, 15 நாள் அவகாசம் கொடுத்து எழுத்துப்பூர்வமான அறிவிப்பு ஒன்றையும் அனுப்பிவிடுங்கள். பெரும்பாலான உரிமையாளர்கள் அந்தக் கட்டத்திலேயே பணத்தைத் திருப்பிவிடுகிறார்கள்.

மாறாக நீங்களே பயணத்தை ரத்து செய்தால், கணக்கு வேறு. அப்போதும் முன்பணம் முழுவதையும் அவர் கண்ணை மூடிக்கொண்டு வைத்துக்கொள்ள முடியாது. ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு நியாயமான இழப்பீட்டை மட்டுமே அனுமதிக்கிறது என்பதை உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 1963-இலேயே தெளிவுபடுத்திவிட்டது. ஆயினும் பயணத்துக்கு முந்தைய நாள் ரத்து செய்துவிட்டு முழுத் தொகையையும் எதிர்பார்ப்பதும் முறையாகாது.

இனி அந்தப் பத்திரம். 'என்ன நடந்தாலும் முழுப் பொறுப்பு என்னுடையதே' என்ற வாசகத்தில் கையெழுத்திடாதீர்கள். ஒருவர் செய்த குற்றத்துக்கான தண்டனையை இன்னொருவர் எழுதிக் கொடுத்து ஏற்க முடியாது. அதுபோல, பலவீனமான கைப்பிடிக் கம்பி, பழுதான மின் இணைப்பு, புகை வெளியேறாத கணப்படுப்பு ஆகியவற்றுக்கான பொறுப்பிலிருந்து உரிமையாளரை அந்தத் தாள் விடுவித்துவிடாது. ஆனாலும் பணத்தகராறு என்று வரும்போது, 'நீங்களே எழுதிக் கொடுத்தீர்களே' என்று முதலில் நீட்டப்படுவது அந்தத் தாளாகத்தான் இருக்கும். அதற்குப் பதிலாக, 'எங்கள் குழுவினரின் கவனக்குறைவால் பொருட்களுக்கு நேரும் சேதத்தை, ரசீதின் அடிப்படையில், ரூ.10,000 வரம்புக்குள் ஈடுசெய்வோம்' என்று எழுதித் தர முன்வாருங்கள். நியாயமான உரிமையாளர் ஏற்பார். போய்ச் சேர்ந்ததும் பைகளை இறக்குவதற்கு முன்பே ஒருவர் கைபேசியோடு அறை அறையாகச் சென்று, சோபாவில் ஏற்கெனவே இருக்கும் கிழிசல், கண்ணாடியின் விரிசல், குளியலறைக் குழாயின் உடைந்த கைப்பிடி என எல்லாவற்றையும் வீடியோ எடுத்து உடனே உரிமையாளருக்கு அனுப்பிவிட வேண்டும். அந்த ஐந்து நிமிட வேலை பல ஆயிரங்களைக் காப்பாற்றும்.

சட்டக் கேள்விக்குச் சற்று வெளியே இருந்தாலும், இதைச் சொல்லாமல் கடக்க எனக்கு மனம் வரவில்லை. மார்கழியில் கொடைக்கானலின் இரவு குளிர் எலும்பைத் தொடும். வெளியே பார்பிக்யூ முடிந்ததும், கனன்றுகொண்டிருக்கும் கரி அடுப்பைக் கதகதப்புக்காக அறைக்குள் கொண்டுவந்து, கதவையும் ஜன்னலையும் சாத்திக்கொண்டு தூங்குவது சுற்றுலா வரும் இளைஞர்கள் செய்யும் தவறு. கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூச்சுத் திணறுவதற்கு முன்பே நினைவு தப்பிவிடும். கொடைக்கானலிலேயே இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. அப்படி ஒன்று நேர்ந்தால் எச்சரிக்காத உரிமையாளர் மீதும், அடுப்பை உள்ளே கொண்டுவந்தவர் மீதும், பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 106-ஆவது பிரிவின் கீழ், கவனக்குறைவால் மரணம் விளைவித்ததாக, ஐந்து ஆண்டுகள் வரை சிறைத்தண்டனைக்குரிய வழக்கு வரலாம். மாப்பிள்ளையை விளையாட்டாகத் தண்ணீரில் தள்ளிவிட்டு உயிர் போனாலும் இதே பிரிவு பொருந்தும். அடுப்பு வெளியிலேயே அணைய வேண்டும் என்பதைக் குழுவில் எல்லோரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மது விஷயத்தில் அச்சமும் அலட்சியமும் சம அளவில் பரவியிருக்கின்றன. கோவையில் அதிகாரிகள் மூடிய ஒரு தங்கும் விடுதி தொடர்பான வழக்கில், 2019 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், அறையில் மதுபாட்டில்கள் இருந்தன என்பதே விடுதியை மூடக் காரணமாகாது என்று கூறியது. சொந்த உபயோகத்துக்காக மது வைத்திருப்பது பற்றிய 1996-ஆம் ஆண்டு விதிகளை அந்தத் தீர்ப்பு எடுத்துக்காட்டியது; அவற்றின்படி ஒருவர் ஒரே சமயத்தில் இந்தியத் தயாரிப்பு அயல்நாட்டு மது 4.5 லிட்டர், பீர் 7.8 லிட்டர், ஒயின் 9 லிட்டர் வரை வைத்திருக்கலாம். எனவே தமிழ்நாட்டில் முறையாக வாங்கிய மதுவை, காட்டேஜின் உள்ளே, உரிமையாளரின் அனுமதியோடு அருந்துவதில் குற்றம் இல்லை. ஏரிக்கரைச் சாலையிலும் காட்சிமுனையிலும் நிறுத்திய காருக்குள்ளும் அருந்துவது வேறு. அவை பொது இடங்கள். காட்டேஜ்காரரே மது விற்றால், அவரிடம் அதற்கான உரிமம் உள்ளதா என்று பாருங்கள்.

புதுச்சேரிச் சரக்கை அடியோடு கைவிடுங்கள். அங்கே விலை குறைவு என்பதற்காக அனுமதிச்சீட்டு இல்லாமல் தமிழ்நாட்டுக்குள் கொண்டுவருவது தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937-இன்படி குற்றம். பாட்டில்களோடு வாகனமும் பறிமுதலாகும். புதுச்சேரியில் 18 வயதில் வாங்கலாம் என்றாலும், தமிழ்நாட்டில் 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்கக் கூடாது என்பதே விதி. உங்கள் 20 வயது நண்பருக்கு யாரும் வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

இதைவிடக் கடுமையானது கஞ்சாவும் 'மேஜிக் காளான்' போன்றவையும். பதிவு உங்கள் பெயரில் இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். போதைப்பொருள் தடுப்புச் சட்டம், 1985-இன் 25-ஆவது பிரிவு, ஒரு வீட்டையோ அறையையோ தன் கட்டுப்பாட்டிலோ பயன்பாட்டிலோ வைத்திருப்பவர், அங்கே குற்றம் நடக்கத் தெரிந்தே இடமளித்தால், அந்தக் குற்றத்துக்குரிய தண்டனையே அவருக்கும் உண்டு என்கிறது. வீட்டின் உரிமையாளரை மட்டும் குறிப்பதல்ல இது. இரண்டு இரவுகளுக்கு அந்த இடம் உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கிறது. ஒரு கிலோவுக்குட்பட்ட கஞ்சாவுக்கே ஓராண்டு வரை கடுங்காவல் உண்டு. 'அவன் கொண்டு வந்தான், எனக்குத் தெரியாது' என்பதை நீங்கள் நீதிமன்றத்தில் நிறுவ வேண்டிய நிலை வந்தால், அதற்குள் மாப்பிள்ளையின் திருமணத் தேதி கடந்து போயிருக்கும். குழுவில் ஒரே ஒரு செய்தியாக, இது கூடாது, கொண்டு வருபவர் வர வேண்டாம் என்று எழுதிவிடுங்கள். அந்தச் செய்தி உங்களுக்குச் சாட்சியமாகவும் நிற்கும்.

மற்றவற்றைச் சுருக்கமாகவே சொல்கிறேன். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி வைப்பதை 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் தடை செய்கின்றன. பால்கனியில் வைக்கும் ஸ்பீக்கர் 'உள்ளே' என்ற கணக்கில் வராது. கொடைக்கானலுக்கு 2024 மே 7 முதல், உயர் நீதிமன்ற உத்தரவின்படி வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் நடைமுறையில் இருக்கிறது. ஒவ்வொரு வாகனத்துக்கும் தனித்தனியாக எடுங்கள். வாடகைக்கு 'செல்ஃப் டிரைவ்' கார் எடுப்பதானால், கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து உள்ள வண்டியாகப் பார்த்து எடுங்கள்; யாரோ ஒருவரின் வெள்ளைப் பலகை வண்டியை வாடகைக்கு எடுத்தால், விபத்து நேரும்போது காப்பீட்டு நிறுவனம் கையை விரிக்கக்கூடும். 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்து வண்டி ஓட்டினால், முதல் முறைக்கே ஆறு மாதம் வரை சிறை அல்லது ரூ.10,000 அபராதம், அல்லது இரண்டும். கொண்டை ஊசி வளைவுகளுக்கு அந்த 30-கூட அதிகம். ஊருக்குத் திரும்பும் ஞாயிறன்று ஓட்டப்போகிறவர் சனிக்கிழமை இரவு குடிக்காமல் இருக்க வேண்டும். சிங்கப்பூர் நண்பரின் வருகையை 24 மணி நேரத்துக்குள் இணையவழி தெரிவிப்பது காட்டேஜ் உரிமையாளரின் கடமை. நண்பர் கடவுச்சீட்டையும் விசாவையும் கையோடு வைத்திருக்கட்டும். அந்தப் பதிவைச் செய்யத் தயங்கும் உரிமையாளரின் காட்டேஜுக்கு முறையான அனுமதியே இருக்கிறதா என்று சந்தேகிப்பது நல்லது. 2019-இல் நீதிமன்ற உத்தரவின் பேரில் கொடைக்கானலில் விதிமீறிய விடுதிகள் பூட்டி முத்திரை வைக்கப்பட்டதை நினைவில் கொள்ளுங்கள்.

இப்போதைக்கு உரிமையாளருக்குக் கீழ்க்கண்டவாறு ஒரு செய்தி அனுப்புங்கள்: "நாங்கள் 12 ஆண்கள் வருகிறோம் என்பதை முன்கூட்டியே தெரிவித்து, நீங்கள் ஏற்றுக்கொண்ட பிறகே ரூ.25,000 செலுத்தினேன். அப்போது பேசாத டெபாசிட்டையும் உறுதிமொழிப் பத்திரத்தையும் இப்போது ஏற்க இயலாது. சேதத்துக்கு ரசீதின் பேரில் ரூ.10,000 வரை பொறுப்பேற்கத் தயாராக இருக்கிறேன். பேசியபடி காட்டேஜைத் தருவதை மூன்று நாட்களுக்குள் எழுத்தில் உறுதிப்படுத்துங்கள். இல்லையேல் முன்பணம் முழுவதையும் இதே எண்ணுக்குத் திருப்பி அனுப்புங்கள்." மூன்று நாட்களில் பதில் வராவிட்டால், வேறிடம் பார்த்துக்கொண்டு, அந்த வாடகை ரசீதையும் பத்திரப்படுத்தி, 1915-ஐ அழையுங்கள்.