வழக்கமாகப் படிக்காத வகை நாவல் ஒன்றைப் படித்து, அது பிடித்துப்போன அனுபவம் உண்டா?

உண்டு. போன மழைக்காலத்தில்தான்.

நான் யதார்த்த நாவல்கள் படிப்பவள். நிலம், கடன், குடும்பம் என்று மனசைப் பிசைகிற கதைகள்தான் எனக்குச் சரிப்படும். கொலைகாரன் யார் என்று தெரிந்ததும் துப்பறியும் கதை முடிந்தது, அதில் என்ன இருக்கிறது என்றே வெகுநாள் நினைத்திருந்தேன். அதிலும் 'கோஸி மிஸ்டரி' என்கிறார்களே, ரத்தத்தை விவரிக்காமல் ஒரு சின்ன ஊருக்குள் நிதானமாக நடக்கிற கொலைக்கதை, அதைத் தொட்டதே இல்லை. எல்லிஸ் பீட்டர்ஸ் எழுதி 1977இல் வந்த 'எ மார்பிட் டேஸ்ட் ஃபார் போன்ஸ்' நாவலைத் தங்கைதான் என் கையில் திணித்துவிட்டுப் போனாள்.

கதை நடப்பது 1137இல். இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பரி மடத்தில், பேர் சொல்லிக்கொள்ள ஒரு புனிதரின் எலும்புகூட இல்லை. இருந்தால் யாத்திரிகர்கள் வருவார்கள், மடத்தின் மதிப்பு கூடும். அதனால் வேல்ஸில் குவித்தெரின் என்ற சிற்றூரில் புதைந்திருக்கும் புனித வினிஃப்ரெட்டின் எலும்புகளை எடுத்துவரத் துறவிகள் கிளம்புகிறார்கள். (அவை 1138இல் ஷ்ரூஸ்பரிக்குப் போனது நிஜ வரலாறு.) மொழிபெயர்க்கக் கூடப் போகிறவர் காட்ஃபேல். வேல்ஸில் பிறந்தவர், சிலுவைப் போரில் சண்டையிட்டவர், கடலோடி. எல்லாம் முடிந்து, நடுவயதில் துறவியாகி மூலிகைத் தோட்டம் பார்க்கிறார்.

என்னைப் பிடித்து நிறுத்திய இடம் ஒன்று உண்டு. எலும்புகளைத் தரக்கூடாது என்று ஊரின் பெரிய நிலக்காரர் ரிஷார்ட் மறுக்கிறார். மடத்தின் துணைத்தலைவரான துறவி ஒரு பணப்பையை எடுத்து நீட்டுகிறார். அவருக்கு அது சாதாரண பேரம்தான். ரிஷார்டுக்கோ எங்கள் புனிதைக்கு விலையா என்ற அவமானம். கோபத்தோடு வெளியேறுகிறார். இரண்டு பேச்சும் புரிந்த காட்ஃபேல் நடுவில் நிற்கிறார். சமாதானம் பேச மறுநாள் வருவதாக இருந்த ரிஷார்ட் வரவில்லை. காட்டில், மார்பில் அம்போடு கிடக்கிறார்.

பெங்களூரில் அம்மாவுக்கும் கன்னட டாக்டருக்கும் நடுவே நின்று நான் எத்தனையோ முறை பேச்சை மாற்றிச் சொல்லியிருக்கிறேன். டாக்டர் சாதாரணமாகச் சொன்ன ஒரு வார்த்தைக்கு அம்மாவின் முகம் வாடிப்போன நாள் சட்டென்று நினைவுக்கு வந்தது. வார்த்தை சரியாகப் போய்ச் சேர்ந்தும் அர்த்தம் வேறாக விழுகிற அந்தக் கணத்தை இவ்வளவு துல்லியமாக நான் வேறெங்கும் படித்ததில்லை. நான் யதார்த்த நாவலில் தேடுவதும் இதைத்தானே!

முதல் சில அத்தியாயங்கள் மெதுவாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். காதல் கதைகள் கொஞ்சம் சுலபமாகக் கைகூடிவிடுகின்றன. ஆனால் மருந்து விஷயங்கள் அபாரம். எடித் பார்ஜெட்டர் என்ற நிஜப்பெயர் கொண்ட இந்த எழுத்தாளர், இளவயதில் மருந்துக்கடையில் உதவியாளராக வேலை பார்த்தவர். கசகசாச் செடியின் சாற்றை எவ்வளவு கொடுத்தால் தூக்கம் வரும் என்று காட்ஃபேல் கணக்குப் போடும்போது அந்த அனுபவம் தெரிகிறது.

வரிசையில் மொத்தம் 20 நாவல்கள். இப்போது இரண்டாவதில் இருக்கிறேன். 1138இல் ஸ்டீபன் மன்னர் ஷ்ரூஸ்பரி கோட்டையைப் பிடித்து 94 பேரைக் கொல்ல உத்தரவிடுகிறார். அடக்கம் செய்யப் போன காட்ஃபேல் உடல்களை எண்ணிப் பார்க்கிறார். 95 இருக்கின்றன.