நுரை வராத சோப்பும் வந்து சேராத பிரஷ்ஷும்

சேலம் பக்கத்திலிருந்து சவரச் சாமான்கள் பற்றிக் கடிதங்கள் நிறைய வந்திருக்கின்றன. பெரும்பாலும் கையால் செய்து விற்கும் சிறு தயாரிப்பாளர்களிடம் வாங்கியவை. சுருக்கித் தருகிறேன்.

கேள்வி (ஃபேர்லேண்ட்ஸ்): இன்ஸ்டாகிராமில் மரப்பிடி ஷேவிங் பிரஷ்ஷுக்கு முன்பதிவு என்று 2,800 ரூபாய் ஜிபேயில் அனுப்பினேன். நாலு மாதமாயிற்று. இப்போது மெசேஜுக்குப் பதிலே இல்லை. போனது போனதுதானா?

பதில்: விடாதீர்கள். விளம்பரம், பேசியது, பணம் போனது மூன்றையும் இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பக்கத்தை அழித்துவிட்டால் பிறகு கிடைக்காது. பதினைந்து நாள் கெடு வைத்து, பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஆளே போலி என்று தெரிந்தால் சைபர் குற்றத்துக்கான 1930. அதற்கும் வழியில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் எந்த மாநிலத்தில் இருந்தாலும், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் சேலத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் வரை கொடுத்த பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

எனக்கு இப்படி முன்பணம் கட்டிய பிரஷ் வந்தே சேர்ந்தது. சில நாளிலேயே முடிக்கொத்து பசை விட்டுப் பிடியிலிருந்து கழன்று கையோடு வந்துவிட்டது. "தண்ணீரில் ஊற வைத்தீர்களா?" என்று விற்றவர் என்மேலேயே பழியைப் போட்டார். நனையாமல் ஷேவிங் பிரஷ்ஷுக்கு வேலையே இல்லை. உங்கள் கோபம் எனக்கு நன்றாகவே புரிகிறது.

கேள்வி (ஓமலூர்): முழு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ரேசர் என்று சொல்லி, காந்தம் ஒட்டாததைக் காட்டி விற்றார்கள். ஒரே வருடத்தில் மேல்பூச்சு உரிகிறது.

பதில்: நல்ல ஸ்டீலில் உரிவதற்குப் பூச்சே இருக்காது. உங்களுடையது அநேகமாகத் துத்தநாகக் கலவையில் வார்த்துக் குரோம் பூசியது. துத்தநாகத்திலும் காந்தம் ஒட்டாது, பித்தளையிலும் ஒட்டாது. அந்தச் சோதனை வாங்குபவரை மயக்கத்தான். பில்லில் 'ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்' என்று எழுதியிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். பில்லே வாங்கவில்லை என்று கடிதத்தின் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். பில் இல்லாமல் ஏன் ஐயா வாங்குகிறீர்கள்?

கேள்வி (செவ்வாய்பேட்டை): சுத்தமான சந்தன எண்ணெய் சேர்த்த ஷேவிங் சோப், 180 ரூபாய். நம்பலாமா?

பதில்: நம்ப வேண்டாம். சந்தன எண்ணெய் கிலோ லட்ச ரூபாய்க்கு மேல்.

கேள்வி (அம்மாபேட்டை): ஒரே பிளேடை இரண்டு மாதமாகப் போடுகிறேன். முகம் எரிகிறது. சோப் மாற்றலாமா?

பதில்: பிளேடை மாற்றுங்கள்.

கேள்வி (சூரமங்கலம்): ஏற்காடு போனபோது காபித்தூள் போட்ட 'ஹோம்மேட்' ஷேவிங் சோப் வாங்கினேன். தேங்காய் எண்ணெய், காஸ்டிக் சோடா, காபித்தூள் என்று எழுதியிருக்கிறது. நுரை நிற்கவே இல்லை.

பதில்: முதலில் தண்ணீரைப் பாருங்கள். போர் தண்ணீரின் சுண்ணாம்புச் சத்து எந்தச் சோப்பின் நுரையையும் திரித்துவிடும். ஒரு நாள் காவிரித் தண்ணீரில் குழைத்துப் பாருங்கள். ஆனால் உங்கள் விஷயத்தில் தண்ணீர் மட்டும் காரணமாக இருக்காது. நீங்கள் வாங்கியது குளியல் சோப்.

இதைத்தான் பல வருடமாகச் சொல்லி வருகிறேன். காஸ்டிக் சோடாவில் மட்டும் செய்தால் கட்டியான சோப் வரும். நுரை குபுகுபுவென்று எழும்பி உடனே அடங்கிவிடும். ஷேவிங் சோப்புக்குக் காஸ்டிக் பொட்டாஷ் (காஸ்டிக் சோடா போன்ற, பொட்டாசியம் கலந்த பொருள்) வேண்டும், ஸ்டியரிக் அமிலம் (ஒரு வகைக் கெட்டிக் கொழுப்பு அமிலம்) தாராளமாக வேண்டும். அப்போதுதான் நுரை தயிர் போலக் கெட்டியாக முகத்தில் நிற்கும், பிளேடு வழுக்கிக்கொண்டு போகும். லேபிளில் இந்த இரண்டும் இல்லையென்றால் கீழே வைத்துவிடுங்கள். காபித்தூள் பிரஷ் முடிக்குள் சிக்கிக்கொள்ளும், தோலையும் கீறும். ஏற்காட்டுக் காபி குடிக்க அருமையானது, முகத்தில் அதற்கு வேலையில்லை. தயாரிப்பு உரிம எண், தயாரித்த மாதமும் வருடமும், காலாவதித் தேதி, எடை, எம்.ஆர்.பி. ஆகியவை சட்டப்படி கட்டாயம். குளியல் சோப்புக்கு ஷேவிங் லேபிள் ஒட்டி விற்பவரால், மாதக்கணக்கில் அளவு பார்த்துக் காய்ச்சிச் சரியாகச் செய்கிறவரின் பிழைப்பும் கெடுகிறது. ஒருமுறை ஏமாந்தவர் அடுத்த முறை கம்பெனி கிரீமுக்குத்தான் போவார்.

கேள்வி (ஏத்தாப்பூர்): வீட்டில் விளக்கெண்ணெய் சேர்த்துக் குளியல் சோப் செய்து தெரிந்தவர்களுக்குக் கொடுக்கிறேன். ஷேவிங் சோப் தொழிலில் இறங்கலாமா? எதிர்காலம் உண்டா அண்ணா?

பதில்: உண்டு தங்கச்சி, ஆனால் சின்ன எதிர்காலம். விலையில் மோத முடியாது: ஜில்லெட் 2010-லேயே 15 ரூபாய்க்கு ரேசர் இறக்கிவிட்டது. இளைஞர்கள் பாதிப் பேர் தாடியும் டிரிம்மருமாக இருக்கிறார்கள். நல்ல சோப் 100 கிராம் மூன்று நாலு மாதம் வரும், ஆக ஒரு வாடிக்கையாளர் வருடத்துக்கு மூன்று நாலுதான் வாங்குவார். மாதம் ஒரு புது வாசனை விட்டு 'இது தீர்ந்தால் கிடைக்காது' என்று விற்பவர்களைப் பார்த்து மயங்காதீர்கள். வாங்கிச் சேர்க்கிறவர்களின் அலமாரி நிரம்பியதும் அந்த வியாபாரம் நின்றுவிடும். இரண்டே வாசனை, வருடம் முழுக்கக் கிடைக்கட்டும். டப்பா இல்லாத ரீஃபில்லும் கொடுங்கள்.

உரிமம் இல்லாமல் விற்காதீர்கள். 2020 அழகுசாதன விதிகளில், உரிமம் பெற்ற இன்னொருவர் இடத்தில் தயாரிக்கும் கடன் உரிமமும் உண்டு. சொந்தமாகக் கட்டடம் போட முடியாதவர்களுக்கு அது பெரிய உதவி. ஆமணக்கு ஆராய்ச்சி நிலையமே உங்கள் ஊரில் இருக்கிறது. விளக்கெண்ணெய் நுரையை நிற்க வைக்கும், அளவு மிஞ்சினால் பிசுபிசுக்கும். அப்புறம், சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள் என்று விலையைக் குறைக்காதீர்கள். உங்கள் உழைப்புக்கான கூலியையும் சேர்த்தே விலை போடுங்கள்.

கேள்வி (ஆத்தூர்): சலூனில் ஒரே படிகாரக் கட்டியை எல்லோருக்கும் தேய்க்கிறார்கள். பரவாயில்லையா?

பதில்: கூடாது. ரத்தம் படுகிற பொருள் அது. நாட்டு மருந்துக் கடையில் சின்னக் கட்டி வாங்கி நீங்களே கொண்டு போங்கள். பிளேடையும் உங்கள் கண்முன் புதிதாகப் பிரித்துப் போடச் சொல்லுங்கள்.