வாகன மேடை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பி.எம்.டபிள்யூ 3 சீரிஸின் அடுத்த வடிவம் என்று அடிக்கடி கணினியில் வரைந்த படங்கள் வருகின்றன. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. எதை நம்புவது?

பதில்: ஹெட்லைட்டையும் கிரில்லையும் மட்டும் புதிதாக வரைந்து ஒட்டிய படங்களை ஒதுக்கிவிடுங்கள். சோதனை ஓட்டத்தில் கடைசிவரை மூடிவைப்பது அந்த இரண்டையும்தான். வரைந்தவர் ஊகத்தில்தான் போட்டிருப்பார்.

முதலில் முன்சக்கரத்தின் மையத்திலிருந்து முன்கதவின் விளிம்புவரை உள்ள இடைவெளியைப் பாருங்கள். எஞ்சினை நீளவாக்கில் வைத்துப் பின்சக்கரங்களை இயக்கும் காரில் இது நீண்டிருக்கும். எஞ்சினைக் குறுக்காக வைத்த முன்சக்கர இயக்கக் காரில் குறுகிவிடும். 3 சீரிஸின் கம்பீரமே இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. இதைச் சுருக்கி வரைந்த படம் எவ்வளவு பளபளத்தாலும் பெட்ரோல் 3 சீரிஸாக இருக்க முடியாது.

அடுத்து சக்கரம். வீல்பேஸை, அதாவது முன், பின் சக்கர மையங்களுக்கு இடையிலான தூரத்தை, டயரின் விட்டத்தால் வகுங்கள். 2018 அக்டோபரில் பாரிஸ் கண்காட்சியில் அறிமுகமான ஜி20 தலைமுறைக்கு (3 சீரிஸின் ஏழாம் தலைமுறை) வீல்பேஸ் 2851 மி.மீ., டயரின் விட்டம் 660 மி.மீ.; வகுத்தால் சுமார் 4.3. படத்தில் 3.8 வந்தால், டயரை 750 மி.மீ. அளவுக்கு ஊதிப் பெரிதாக்கியிருக்கிறார்கள் என்று பொருள். ரிம் (டயர் மாட்டும் உலோகச் சக்கரம்) 18 அங்குலமா 19 அங்குலமா என்று குழம்ப வேண்டாம். ரிம் வளர்ந்தால் டயரின் பக்கச்சுவர் குறையும்; வெளிவிட்டம் ஏறக்குறைய மாறாது.

கேள்வி: மறைப்பு (வடிவம் தெரியாதபடி ஒட்டும் தாள்) ஒட்டிய சோதனைக் காரின் படத்திலிருந்து வீல்பேஸைக் கணக்கிட முடியுமா?

பதில்: முடியும். மறைப்புத் தாளுக்கு அடியில் நுரைப் பட்டைகளையும் பிளாஸ்டிக் தகடுகளையும் வைத்து உடலின் வளைவுகளைக் குழப்பலாம். சக்கர மையத்தை யாராலும் இடம் மாற்றிக் காட்ட முடியாது.

டயர் அளவு 225/45 ஆர்18 என்று எடுத்துக்கொள்வோம். 18 அங்குலம் என்பது 457.2 மி.மீ. பக்கச்சுவரின் உயரம் டயரின் அகலமான 225 மி.மீ.-இல் 45 சதவீதம், அதாவது 101.25, மேலும் கீழும் சேர்த்து 202.5. கூட்டினால் ஏறத்தாழ 660 மி.மீ. படத்தில் டயரின் விட்டம் 200 பிக்சல் என்றால் ஒரு பிக்சலுக்கு 3.3 மி.மீ. இரு சக்கர மையங்களுக்கும் இடையே 864 பிக்சல் இருந்தால் 2851 மி.மீ.

தவறு நேர்வது பெரும்பாலும் டயரை அளக்கும்போதுதான். மேலிருந்து கீழாக அளக்காதீர்கள்: கீழ்ப்பகுதி வண்டியின் எடையால் நசுங்கியிருக்கும், மேல்பகுதி சக்கரத்தை மூடும் தகடான ஃபெண்டருக்குள் ஒளிந்திருக்கும். மையத்தின் வழியாகக் கிடையாக அளங்கள். 200 பிக்சலில் ஒரே ஒரு பிக்சல் பிசகினாலும் வீல்பேஸில் 14 மி.மீ. போய்விடும்.

படம் சற்றுச் சாய்வாக எடுத்ததென்றால் டயரின் அகலமும் சேர்ந்து தெரிந்து கணக்கைக் கெடுக்கும். அப்போது ரிம்மின் வெளி விளிம்பை அளப்பதே நல்லது. ஆனால் அதற்கு 457 என்று போடக் கூடாது. 18 அங்குலம் என்பது டயர் உட்காரும் இடத்தின் விட்டம். கண்ணுக்குத் தெரியும் உதடு சுற்றிலும் சுமார் 17.5 மி.மீ. உயர்ந்து நிற்கும். ஆகவே 492 மி.மீ. என்று கொள்ளுங்கள். பலரின் கணக்கு 7 சதவீதம் குறைவாக வருவதற்கு இதுதான் காரணம். முன், பின் சக்கரங்கள் இரண்டையும் அளந்து சராசரி எடுங்கள். இரண்டுக்கும் 5 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வேறு படம் தேடுங்கள். ஸ்டியரிங் திருப்பியிருக்கும் படமும் உதவாது.

கிடைத்த எண்ணை முதல் தலைமுறையிலிருந்து ஜி20 வரையிலான வீல்பேஸ்களோடு (மி.மீ.) ஒப்பிடுங்கள்: 2563, 2570, 2700, 2725, 2760, 2810, 2851. இதற்குச் சராசரி வளர்ச்சி போட்டு அடுத்த எண்ணைச் சொல்வது வீண்வேலை. இரண்டாம் தலைமுறையான இ30-இலிருந்து மூன்றாம் தலைமுறையான இ36-க்கு ஒரே தாவலில் 130 மி.மீ. கூடியது, அதற்கு முந்தைய மாற்றத்தில் வெறும் 7. பிளாட்ஃபார்ம் (காரின் அடித்தளக் கட்டமைப்பு) அதேதானா, புதிதா என்பதே இதைத் தீர்மானிக்கிறது.

கேள்வி: மறைப்போடு திரிவது ஃபேஸ்லிஃப்டா (இருக்கும் தலைமுறையையே இடையில் முகம் மாற்றித் தருவது), புதிய தலைமுறையா? எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: மறைப்பு எங்கே முடிகிறது என்று பாருங்கள். ஃபேஸ்லிஃப்டில் பம்பர், கிரில், விளக்குகள், சில சமயம் போனட், முன் ஃபெண்டர் என்று போல்ட்டில் மாட்டும் பாகங்களே மாறும். கூரை, கதவுச் சட்டம், பின்சக்கரத்துக்கு மேலுள்ள தகடு எல்லாம் வெல்டிங் செய்தவை. அவற்றை மாற்ற அச்சுகளையே புதிதாகச் செய்ய வேண்டும். முன்னும் பின்னும் மட்டும் ஒட்டிவிட்டுக் கதவுகளை அப்படியே விட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஃபேஸ்லிஃப்ட் என்று சொல்லலாம். கதவும் ஜன்னல் ஓரமும் மூடியிருந்தால்தான் புதிய தலைமுறை.

ஆண்டுக் கணக்கும் கைகொடுக்கும். 1975, 1982, 1990, 1998, 2005, 2012, 2019 என்று ஏழெட்டு ஆண்டுக்கு ஒரு தலைமுறை விற்பனைக்கு வந்திருக்கிறது. இடையில் 2001, 2008, 2015, 2022-இல் ஃபேஸ்லிஃப்ட். ஒரு தலைமுறை வந்து மூன்றாம் ஆண்டில் திரியும் மறைப்புக் காரைப் புதிய தலைமுறை என்று எழுதுகிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதே இல்லை.

கேள்வி: 2023-இல் மியூனிக்கில் பி.எம்.டபிள்யூ காட்டிய விஷன் நோயே கிளாஸ்ஸே மின்சார மாதிரிக் கார் அப்படியே தயாரிப்புக்கு வருமா?

பதில்: மாதிரிக் காரில் நிலைக்கக்கூடியது விகிதமும் விளக்குகளின் பொது அமைப்பும். பெரிய சக்கரம், ஒல்லியான கண்ணாடித் தூண்கள், நூல் போன்ற மேற்கோடு இவையெல்லாம் தேயும். போனட்டும் உயரும்: பாதசாரியின் தலை மோதினால் தகடு அமுங்குவதற்கு அடியில் இடம் வேண்டும்; ஐ.நா.வின் 127-ஆம் ஒழுங்குவிதி இதைச் சோதிக்கிறது. எஞ்சின் உள்ள காரில் கடினமான பாகம் போனட்டுக்குக் கீழேயே இருப்பதால் உயர்வு இன்னும் கூடும். ஆகவே மின்சாரக் காருக்கான மாதிரியை வைத்துப் பெட்ரோல் 3 சீரிஸை வரைகிறவர்கள் போனட்டைத் தாழ்த்தித் தவறுகிறார்கள்.

கேள்வி: வடிவப் பதிவு (வடிவத்தைப் பிறர் நகலெடுக்காதபடி நிறுவனம் செய்யும் பதிவு) ஆவணங்களில் வரும் படங்கள் நம்பகமானவையா?

பதில்: கோடுகளுக்கு அவற்றைவிட நல்ல ஆதாரம் இல்லை. ஐரோப்பியப் பதிவில் படம் வெளியாவதை 30 மாதம்வரை தள்ளிப்போட வழி இருப்பதால், கண்ணில் படும்போது அறிமுகம் பெரும்பாலும் நெருங்கியிருக்கும். ஆனால் எல்லா வகைகளையும் பதிவு செய்வதில்லை. அடிப்படை வகையின் பம்பர், விளையாட்டுத் தோற்றம் கொண்ட எம் வகையினுடையதல்ல என்பதை மனத்தில் வைத்துப் பாருங்கள்.