பழைய நைட் சைட்டிலிருந்து டிரிட்டியம் குழாயைக் கழற்றி விற்கலாமா?

கேள்வி: புறக்கோட்டையில் கைக்கடிகாரம் திருத்தும் சின்னக் கடை வைத்திருக்கிறேன். டெக்சாஸில் இருக்கும் என் மச்சான் விடுமுறைக்கு வந்தபோது, தன் கைத்துப்பாக்கிகளிலிருந்து கழற்றிப் போட்ட பழைய நைட் சைட் (இருட்டில் குறிபார்க்க உதவும் துப்பாக்கிப் பாகம்) மூன்று செட் கொண்டுவந்து தந்தார். இருட்டில் பச்சையாக ஒளிரும் டிரிட்டியம் குழாய்கள் ஒரு செட்டில் மூன்று இருக்கின்றன. அவற்றைக் கழற்றிக் கடிகார முகப்பிலும் சாவிக்கொத்திலும் பதித்து விற்கலாம் என்று பேஸ்புக்கில் படம் போட்டேன். மூன்று பேர் முற்பணமும் தந்துவிட்டார்கள். முதல் குழாயை எடுக்கும்போதே இடுக்கியில் நொறுங்கிவிட்டது. என்னிடம் துப்பாக்கி எதுவும் இல்லை. அமெரிக்காவில் இதற்கு அனுமதிப்பத்திரமே தேவையில்லை என்கிறார் மச்சான். இதனால் எனக்கு ஏதும் சட்டப் பிரச்சினை வருமா?
— ஒரு வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: வரலாம் தம்பி. மிச்சமிருக்கும் எட்டுக் குழாய்களிலும் இனிக் கை வைக்காதீர்கள். இப்போதிருக்கும் நிலையில் உங்கள் விடயத்தைச் சீர்செய்யலாம். இரண்டு கிழமை கழித்து, நாலு சாவிக்கொத்தை விற்றுவிட்டு வந்தால் இதையே நான் சொல்ல முடியாது.

முதலில் உடைந்த குழாயைப் பற்றிச் சொல்கிறேன், வீட்டில் எல்லோரும் பயந்துபோயிருப்பீர்கள். டிரிட்டியம் என்பது ஐதரசனின் கதிரியக்க வடிவம். அது வெளிவிடும் பீட்டாக் கதிர் மிகப் பலவீனமானது; கண்ணாடியையோ தோலின் மேற்படையையோ தாண்டாது. குழாய் முழுதாக இருக்கும்வரை கையிலெடுத்தாலும் வெளியிலிருந்து பாதிப்பில்லை. உடைந்தால் வாயு காற்றோடு கலந்துவிடும். அதில் ஒரு பகுதி நீராக மாறி மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் உடலுக்குள் போகலாம். அப்படிப் போனாலும் சுமார் பத்து நாளில் பாதியளவு சிறுநீரோடும் வியர்வையோடும் வெளியேறிவிடும். பழைய சின்னக் குழாய் ஒன்று உடைந்ததற்காகக் கலங்க வேண்டாம். சன்னல்களைத் திறந்து வையுங்கள். கையுறை போட்டு, ஈரத் துணியால் கண்ணாடித் துகள்களை எடுத்து ஒரு பைக்குள் போட்டுக் கட்டுங்கள். கையைக் கழுவுங்கள். அந்த மேசையில் வைத்துச் சாப்பிடாதீர்கள். பையைக் குப்பை வண்டியில் போடாமல் தனியாக வையுங்கள், அதற்கான காரணம் கீழே வருகிறது.

இனி மச்சான் சொன்னதற்கு வருவோம். அவர் சொன்னது பாதி சரி. அமெரிக்காவின் அணு ஒழுங்குமுறை ஆணைக்குழுவின் விதிகளில் 30.19 என்று ஒன்று உண்டு. அனுமதி பெற்ற தயாரிப்பாளர் செய்து விற்ற ஒளிரும் பொருளை வாங்கி வைத்திருப்பவருக்கு அனுமதிப்பத்திரம் வேண்டாம் என்பது அதன் சாரம். அதே விதியில் இன்னும் இரண்டு விடயங்கள் இருக்கின்றன, மச்சான் அவற்றைப் படிக்கவில்லை போலும். டிரிட்டியம் உள்ள ஒளிரும் பொருளைத் தயாரிக்கவோ பதப்படுத்தவோ விரும்புபவர் தனியாக அனுமதி பெற வேண்டும். விளையாட்டுப் பொருட்கள், அலங்காரப் பொருட்கள், பெரிதாகப் பயனில்லாத பொருட்கள் ஆகியவற்றுக்கு அந்த விலக்குக் கிடையாது. ஆக, நீங்கள் நினைத்த சாவிக்கொத்தை டெக்சாஸிலிருந்தே செய்து விற்றிருந்தாலும் விலக்குக்குள் வந்திருக்காது. அதைவிட முக்கியமாக, அமெரிக்க விலக்கு அமெரிக்க மண்ணோடு சரி. கட்டுநாயக்கவில் இறங்கியதும் அது செல்லாது.

இங்கே பொருந்துவது 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க இலங்கை அணுசக்திச் சட்டம். 1969ஆம் ஆண்டின் பழைய சட்டத்தை நீக்கிவிட்டு வந்தது இது. கதிரியக்கப் பொருளை இறக்குமதி செய்வது, வைத்திருப்பது, பயன்படுத்துவது, கைமாற்றுவது எல்லாம் இந்தச் சட்டத்தின் கீழ் அமைந்த அணுசக்தி ஒழுங்குபடுத்தல் பேரவையின் கட்டுப்பாட்டில் இருக்கின்றன. தேவையான அனுமதியில்லாமல் செய்வது தண்டனைக்குரிய குற்றம்.

“இத்தனை சின்ன அளவுக்குமா?” என்று கேட்பீர்கள். சிறிய அளவுகளுக்கு விலக்களிக்கும் முறை உலகெங்கும் இருக்கிறது. சர்வதேச அணுசக்தி முகவரகத்தின் பாதுகாப்புத் தரங்கள் டிரிட்டியத்துக்கு 100 கோடி பெக்கரலை (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) விலக்கு எல்லையாக வைத்திருக்கின்றன. கேட்கப் பெரிய தொகையாக இருக்கும். ஆனால் புதிய நைட் சைட்டின் ஒரு குழாயிலேயே சில பத்துக் கோடி பெக்கரல் இருக்கும். எல்லை பார்ப்பது ஒவ்வொரு குழாயாக அல்ல, உங்கள் இடத்திலுள்ள மொத்தத்தை. ஒன்பது குழாய் என்றால் கணக்கு வேறு. டிரிட்டியத்தின் அரைவாழ்வு, அதாவது அது பாதியாகக் குறையும் காலம், 12.3 ஆண்டு; 25 ஆண்டு பழைய சைட் என்றால் கால்வாசிதான் மிஞ்சியிருக்கும், அது உங்களுக்குச் சாதகம். என்றாலும் ஒளி மங்கியிருப்பதை வைத்து நீங்களே கணக்குப் போட்டு ‘எனக்கு விலக்கு உண்டு’ என்று தீர்மானிக்கக் கூடாது. அந்த முடிவு பேரவையுடையது.

உங்களைப் போன்ற தொழிலாளி ஒருவர் நியாயமாகக் கேட்கக்கூடிய இன்னொரு கேள்வியும் உண்டு. டிரிட்டியம் குழாய் பதித்த சுவிஸ் கடிகாரங்கள் கடைகளில் விற்கின்றனவே, பழைய முகப்புகளின் அடியில் ‘டி’ எழுத்துப் போட்டு டிரிட்டியம் பூச்சே வந்ததே, நான் செய்தால் மட்டும் என்ன? உங்கள் மேசையில் அப்படிப்பட்ட முகப்புகள் எத்தனையோ வந்து போயிருக்கும். ஆனால் அந்தத் தொழிற்சாலை அனுமதி பெற்று, அளவு குறித்து, சோதித்து, தன் பெயரைப் போட்டு விற்கிறது. நைட் சைட்டின் இரும்புக்குள் அந்தக் குழாய் மெத்தென்ற பொதியோடு இறுக்கி அடைக்கப்பட்டிருப்பது, துப்பாக்கியின் உதைப்பைத் தாங்குவதற்காக. நீங்கள் அதை உடைத்து எடுக்கும் நொடியில் தயாரிப்பாளரின் பாதுகாப்பு முடிந்துவிடுகிறது, அதன் பிறகு பொறுப்பு உங்களுடையது. சாவிக்கொத்து ஒரு பிள்ளையின் வாய்க்குள் போய் உடைந்தால், அணுசக்திச் சட்டத்தோடு 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டமும், நட்டஈட்டு வழக்கும் சேர்ந்து வரும்.

துப்பாக்கி விடயத்தையும் இலேசாக எடுக்க வேண்டாம். 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் அனுமதிப்பத்திரமில்லாமல் துப்பாக்கி வைத்திருப்பதைக் குற்றமாக்குகிறது. ஒரு சைட் தனியாகச் சுடாது; நீதிமன்றத்தில் அதை நான் உறுதியாக வாதிடுவேன். ஆனால் சுங்க வகைப்பாட்டில் ஆயுத உதிரிப்பாகங்கள் 93ஆம் அத்தியாயத்தில் வருகின்றன, அவற்றை நினைத்தபடி இறக்க முடியாது. மச்சான் எதையும் அறிவிக்காமல் பச்சை வழியால் வந்திருந்தால் அது தனிச் சிக்கல். பாதுகாப்பு அமைச்சு 2024 நவம்பருக்குள், தற்காப்புக்காகக் கொடுத்த துப்பாக்கிகளைக்கூட மீளாய்வுக்காகத் திருப்பி ஒப்படைக்கச் சொன்ன நாடு இது. கொழும்பில் ஒரு தமிழ்ப் பெடியனின் லாச்சியில் துப்பாக்கிப் பாகம் கிடைத்தால் ‘இது எங்கிருந்து வந்தது, துப்பாக்கி எங்கே’ என்ற கேள்விகள் எத்தனை மணித்தியாலம் நீளும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அந்த அறையில் நீங்கள் உட்காருவதை நான் விரும்பவில்லை.

இப்போது செய்ய வேண்டியது இதுதான். பேஸ்புக் விற்பனையை நிறுத்தி, முற்பணத்தை வங்கி மூலம் திருப்பி அனுப்பிப் பற்றுச்சீட்டை வைத்திருங்கள். ஆனால் உரையாடல்களை அழிக்காதீர்கள். ஒன்றும் விற்கவில்லை என்பதற்கு அவைதான் சாட்சி. சைட்டுகளை ஒரு தகர டப்பாவில் போட்டு, உடைந்த பையோடு, பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். மச்சானுக்கு இனி ஒன்றும் அனுப்ப வேண்டாம் என்று சொல்லுங்கள், கூரியரிலும் வேண்டாம்.

பிறகு சட்டத்தரணி ஒருவர் மூலம் பேரவைக்கு எழுத்தில் அறிவியுங்கள்: எத்தனை சைட், தயாரிப்பாளர் பெயர், பக்கத்தில் பொறித்திருக்கும் எச்-3 குறி, எப்போது யார் கொண்டுவந்தார், ஒன்று எப்படி உடைந்தது. எதையும் மறைக்க வேண்டாம். ஒப்படைக்கும் வழியையும் அதே கடிதத்தில் கேட்கலாம். கதிரியக்கக் கழிவுகளைக் கையாளும் அணுசக்தி சபை ஒருகொடவத்தையிலேயே இருக்கிறது. தானாக முன்வந்தவருக்கு மன்னிப்பு உண்டு என்று சட்டத்தில் எழுதியில்லை. ஆனால் விற்பனை நடக்காத, முதற்தடவையான, தானே அறிவித்த ஒருவர்மீது வழக்குப் போடுவதா என்று அதிகாரி யோசிக்கும்போது அந்தக் கடிதத்துக்கு நிறையப் பெறுமதி இருக்கும். அதற்கு முன் பொலிஸார் வந்தால் மரியாதையாகப் பேசுங்கள், பொய் சொல்லாதீர்கள், வாக்குமூலம் கொடுக்க முன் சட்டத்தரணியைக் கூப்பிடுங்கள்.

சட்டத்தரணியைப் பார்க்கப் போகும்போது படங்களை மட்டும் கொண்டுபோங்கள். சைட்டுகள் டப்பாவிலேயே இருக்கட்டும். பேரவை பதில் தரும்வரை அவற்றைப் பஸ்ஸிலோ முச்சக்கர வண்டியிலோ ஏற்ற வேண்டாம்.