ஹெல்ப் டெஸ்க்ல இருந்து செக்யூரிட்டிக்குப் போக முடியுமா? (வாசகர் கடிதம்)

வணக்கம் அண்ணா,

நாலு வருஷமா ஹெல்ப் டெஸ்க்ல இருக்கேன். பாஸ்வேர்ட் ரீசெட், விபிஎன் கனெக்ட் ஆகல, பிரிண்டர் வேலை செய்யல, இதேதான் பொழப்பு. இன்ஃபர்மேஷன் செக்யூரிட்டி அனலிஸ்ட் ஆகணும்னு ஆசை. ஒரு இன்ஸ்டிட்யூட்ல விசாரிச்சா ஹேக்கிங் கோர்ஸ் சேருங்க, ஆறு மாசத்துல வேலைங்கறாங்க. கூட இருக்கறவங்களோ கோடிங் தெரியாம அந்தப் பக்கம் போகாதேங்கறாங்க. எனக்கு கோடிங் சுத்தமா வராது. நாலு வருஷம் வீணாப் போச்சோன்னு இருக்கு. எந்த சர்டிஃபிகேட்ல ஆரம்பிக்கறது?

தம்பி,

வீணெல்லாம் போகல. கோர்ஸ் விக்கறவங்க காட்டுற படம் ஒண்ணு, வேலை ஒண்ணு. சிஸ்டத்தை உடைச்சு உள்ள போயி ஓட்டையக் காட்டறது பென்டெஸ்டிங், அது தனி ரூட். அனலிஸ்ட் வேலைங்கறது பெரும்பாலும் லாக் (கம்ப்யூட்டர்ல நடக்கறதெல்லாம் தானா பதிவாகற குறிப்பு) படிக்கறது, வர்ற அலர்ட் நெஜமா சும்மாவான்னு முடிவு பண்றது, அந்த முடிவை அடுத்த ஷிஃப்ட் ஆளுக்குப் புரியற மாதிரி எழுதி வைக்கறது.

ஒரு உதாரணம் சொல்றேன். ராத்திரி ரெண்டு மணி, ஒரே அக்கவுண்ட்ல வரிசையா 4625 விழுது, அதாவது விண்டோஸ்ல லாகின் ஃபெயில் ஆனா பதிவாகற ஈவன்ட், நூத்துக்கணக்குல. புதுசா வந்தவர் பதறிடுவார். நிதானமா பாத்தா எல்லாமே உள்ள இருக்கற ஒரே சர்வர்ல இருந்து வருது, நிமிஷத்துக்கு ஒண்ணுன்னு கணக்கா வருது, பேக்கப்புக்கு வச்ச சர்வீஸ் அக்கவுண்ட் அது, அதாவது ஆள் இல்லாம புரோகிராமே லாகின் பண்ற அக்கவுண்ட். யாரோ சாயங்காலம் பாஸ்வேர்டை மாத்திட்டு ஷெட்யூல்டு டாஸ்க்ல (குறிச்ச நேரத்துக்குத் தானா ஓடற வேலை) மாத்த மறந்துட்டாங்க, அவ்வளவுதான் கதை. இன்னொரு நாள் அக்கவுண்டுக்கு ஒரே ஒரு ஃபெயில்தான் இருக்கும், ஆனா நூறு அக்கவுண்ட், எல்லாம் வெளிய இருந்து வர்ற ஒரே ஐபி, நடுவுல ஒரு 4624, லாகின் சக்சஸ். இது பாஸ்வேர்ட் ஸ்பிரே, அக்கவுண்ட் பூட்டிக்கக் கூடாதுன்னு ஆளுக்கு ஒரு தடவ மட்டும் முயற்சி பண்ணி ஒரு இடத்துல ஜெயிச்சுட்டான். எண்ணிக்கைல முதல் கேஸ்தான் பயங்கரமா தெரியும், தூங்கறவங்கள எழுப்ப வேண்டியது ரெண்டாவதுக்கு. சர்வீஸ் அக்கவுண்ட்னா என்ன, பாஸ்வேர்டை மாத்தினா எங்கெங்க உடையும்னு தெரிஞ்ச ஆளுக்கு இது சீக்கிரம் பிடிபடும். நாலு வருஷமா நீங்க வேற என்னத்த பாத்தீங்க?

டூல் வாங்கி வச்சா போதும்னு நினைக்கறவங்களுக்கு 2013ல அமெரிக்காவோட பெரிய கடைச் சங்கிலி டார்கெட்ல நடந்த கேஸை ஞாபகப்படுத்துவேன். ஏசி, குளிர்பதன வேலை பாத்த ஒரு கான்ட்ராக்டரோட லாகினைத் திருடி உள்ள வந்து கிட்டத்தட்ட 4 கோடி கார்டு விவரத்தை அள்ளிட்டுப் போனாங்க. டூல் மால்வேரைப் பிடிச்சு அலர்ட் கொடுத்துச்சு, அது டீமுக்கும் போச்சு, பாத்தவங்க உடனே கவனிக்க அவசியம் இல்லன்னு விட்டுட்டாங்க. அந்த முடிவை எடுக்கற நாற்காலிக்குத்தான் நீங்க ஆசைப்படறீங்க, அதையும் தெரிஞ்சுக்கோங்க.

கோடிங் பத்தி உங்க நண்பர்கள் சொல்றதும் முழுப் பொய் இல்ல. ஸ்ப்ளங்க் மாதிரி லாக்ல தேடற டூல்ல க்வெரி எழுதணும், அது எக்செல்ல ஃபில்டர் போடறதோட பெரியண்ணன், பழகிடும். பவர்ஷெல் கொஞ்சம், பைத்தான் கொஞ்சம் பின்னாடி வேணும். இன்னிக்கே வேணாம்.

சர்டிஃபிகேட்னா காம்ப்டியா செக்யூரிட்டி பிளஸ்ல ஆரம்பிங்க. அதுக்கும் முன்னாடி டிஎன்எஸ் (வெப்சைட் பேரை ஐபி நம்பரா மாத்தறது) எப்படி வேலை செய்யுது, ரெண்டு மெஷின் பேசிக்கறதுக்கான ஒரு டிசிபி கனெக்‌ஷன் எப்படி ஆரம்பிக்குதுன்னு நெட்வொர்க்ல போற வர்ற டேட்டாவைக் காட்டற வயர்ஷார்க்ல கண்ணால பாத்துடுங்க, இல்லன்னா வெறும் மனப்பாடம்தான். சிஐஎஸ்எஸ்பிங்கற பெரிய சர்டிஃபிகேட் பக்கம் இப்ப போக வேணாம், அது பொதுவா 5 வருஷ அனுபவம் கேக்கும். ஆறு மாசத்துல வேலைன்னு உத்தரவாதம் கொடுக்கறவங்ககிட்ட அதை எழுத்துல கேளுங்க, பேச்சு மாறும்.

வீட்டு கம்ப்யூட்டர்ல விர்ச்சுவல்பாக்ஸ் (ஒரு கம்ப்யூட்டருக்குள்ள இன்னொண்ணை ஓட்டற சாஃப்ட்வேர்) போட்டு ரெண்டு விண்டோஸ் மெஷின் ஏத்துங்க, ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்கு வேணும்னே தப்பு பாஸ்வேர்ட் போடுங்க, விண்டோஸ் லாகைக் காட்டற ஈவன்ட் வியூவரைத் திறந்து பாருங்க. ரிமோட் டெஸ்க்டாப் லாகின்னா லாகான் டைப் (எந்த வழியா லாகின் வந்துச்சுங்கற நம்பர்) 10னு புத்தகம் சொல்லும், ஆனா ஃபெயில் ஆனது பல சமயம் 3னு விழுந்திருக்கும். ஏன்னு தேடிப் போனா என்எல்ஏ (டெஸ்க்டாப் திறக்கறதுக்கு முன்னாடியே நெட்வொர்க் வழியா பாஸ்வேர்டை சரிபாக்கறது) கிட்ட கொண்டு போய் விடும், அப்படித் தேடிப் போன விஷயம் மறக்காது.

நைட் ஷிஃப்ட் வரும், முதல் வருஷம் போரடிக்கும், பத்துல ஒன்பது அலர்ட் ஒண்ணுமில்லாம போற நாள் நிறைய இருக்கும். இது பிடிக்காதுன்னா இப்பவே யோசிச்சுக்கோங்க.

அடுத்த தடவ யாராச்சும் போன் பண்ணி "ஏதோ லிங்க்ல கிளிக் பண்ணிட்டேன்"னு சொன்னா பாஸ்வேர்டை மட்டும் ரீசெட் பண்ணி டிக்கெட்டை மூடிடாதீங்க. எத்தனை மணிக்கு, எந்த மெஷின், யார்கிட்ட இருந்து வந்த மெயில், பாஸ்வேர்டை டைப் பண்ணாரா இல்லையா, எல்லாத்தையும் எழுதி உங்க செக்யூரிட்டி டீமுக்கு அனுப்புங்க, அப்புறம் என்னாச்சுன்னு ஒரு வார்த்தை கேளுங்க. அந்த டீம்ல இடம் காலியாகறப்போ அவங்களுக்கு உங்க பேரு ஏற்கனவே தெரிஞ்சிருக்கும்.