வெறுங்கைக்கு ஒரு புள்ளிதானா?

கேள்வி: அண்ணை, நாங்கள் நாலு பேர் ஞாயிறுகளில் பகடை உருட்டிக் கதாபாத்திரங்களாக விளையாடுகிற டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாடுகிறோம். வெறுங்கையால் குத்தினால் எதிரிக்குச் சேதம் 1 புள்ளியும் பலத்துக்கான கூட்டலும் மட்டும்தான். சின்னக் கத்திக்கே நாலுமுகப் பகடை உருட்டலாம். இது அநியாயம் இல்லையா?
– ஒரு வாசகர், கிளிநொச்சி

பதில்: கணக்கைப் பாரும் தம்பி. 2014 விதிநூலில் சாதாரண ஊர்ச்சனத்துக்கு உயிர்ப்புள்ளி 4. பலம் 10 உள்ளவனுக்குக் கூட்டல் இல்லை, நாலு குத்து வேண்டும். பலம் 16 என்றால் 3 கூடும், ஒரே குத்தில் ஆள் விழும். எனக்கு அது குறைவாகத் தெரியவில்லை.

குறை வேறு இடத்தில். குத்துகிறவனின் கைக்கு ஒன்றும் ஆவதில்லை! பதினேழு வயதில், முள்ளியவளையில் சூடடிக்கிற களத்தில், மச்சானின் மண்டையில் ஓங்கிக் குத்தினேன். அவன் சிரித்தான். எனக்குச் சின்னவிரல் மொழிக்குக் கீழே எலும்பு வெடித்து ஒரு மாதம் பிளாஸ்டர். அம்மாதான் சோறு தீத்தினா. தலைக்கு உள்ளங்கைதான் என்று சீனடி என்கிற சண்டைக்கலை பழக்கிய பெரியப்பா முதலே சொன்னவர்.

கட்டிப்பிடிக்கிற விதி இன்னும் மோசம். பிடிபட்டவன் நகர முடியாது, சரி. ஆனால் பிடித்தவன்மேல் இரண்டு கை வாளை முன்போலவே வீசலாமாம். இடுப்பில் ஒருவன் தொங்கும்போது மண்வெட்டியை வீசிப் பாரும். எங்கள் மேசையில் அப்படி வீசினால் இருபதுமுகப் பகடையை இரண்டு தரம் உருட்டிச் சிறிய எண்ணை எடுக்கவேண்டும். கத்திக்கு அந்தத் தண்டனை இல்லை.

அதற்காக 1979இல் இதே விளையாட்டுக்கு வந்த, ஆட்டத்தை நடத்துகிறவருக்கான கையேட்டின் பக்கம் போகவேண்டாம். குத்து, பிடி, மேலே விழுந்து அமுக்குதல் என்று தனித்தனி அட்டவணைகள், நூற்றுவீதக் கணக்கு. ஒரு கைகலப்பு முடியத் தேத்தண்ணி ஆறிவிடும்.